அரிசிப் பையோடு வந்த தண்ணீர்



2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை நம் தோட்டத்துத் தாய்மார்கள் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ பை 26 வெள்ளி என்று அரசாங்கம் விலை கட்டியிருந்தது. விலை இருந்தது, பைதான் இல்லை. கடைத் தட்டில் இருந்ததெல்லாம் இறக்குமதி அரிசி. அதன் மொத்த விலையோ அந்த மாதம் முதல் தேதியில் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறிவிட்டது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீடுகளில் இது என்ன செய்திருக்கும் என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

அந்த வாரம் நாங்கள் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டிலுள்ள அரிசிப் பையில் எந்த நாட்டின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னோம். மறுநாள் வியட்நாம், தாய்லாந்து, பாகிஸ்தான், இந்தியா என்று நான்கு பெயர்கள் பலகையில் ஏறின. செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் மகன் எழுந்து நின்று கேட்டான்: "சார், நம்ம ஊர்லதான் எப்பப் பார்த்தாலும் மழை பெய்யுது. நெல்லுக்குத் தண்ணிதானே வேணும்? பிறகு ஏன் அரிசி அங்கேயிருந்து வருது?"

நல்ல கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. மணி அடித்துவிட்டது, தப்பித்தோம். இன்றைய உரை அந்தச் சிறுவனுக்கு நாங்கள் பட்ட கடன் எனலாம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ அரிசி விளைய எவ்வளவு நீர் வேண்டும்? நாற்றங்காலில் தொடங்கி அறுவடை வரை வயல் குடிப்பது, வெயிலில் ஆவியாகிப் போவது எல்லாவற்றையும் சேர்த்து, உலகச் சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கோதுமைக்கு ஏறத்தாழ 1,800 லிட்டர். தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் நின்று போனால் நாம் வாசலில் நிரப்பி வைக்கிறோமே 200 லிட்டர் பீப்பாய், அதில் பன்னிரண்டரைப் பீப்பாய் ஊற்றினால்தான் ஒரு கிலோ அரிசி. 10 கிலோ பைக்கு 125 பீப்பாய்! பையைத் தோளில் தூக்கி வருகிறவருக்கு அந்தப் பாரம் தெரியாது. அந்த நீர் விளைந்த நாட்டிலேயே செலவாகிவிட்டது. ஆனாலும் அந்த அளவு நீரை நம் நாடு செலவழிக்காமல் மிச்சம் பிடித்துக்கொண்டது என்பதும் உண்மை.

தானியத்தோடு கண்ணுக்குத் தெரியாமல் கடல் கடக்கும் இந்த நீருக்கு 1990களில் பெயர் சூட்டியவர் லண்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டோனி ஆலன் என்னும் புவியியல் அறிஞர். தமிழில் அதை 'மறைநீர்' என்று வழங்குகிறார்கள். மத்திய கிழக்கு நாடுகளில் நீருக்காகப் பெரும் போர்கள் மூளும் என்று எல்லாரும் அஞ்சியிருந்த காலம் அது. ஆனால் அவை மூளவில்லையே, ஏன் என்று ஆலன் யோசித்தார். அவர் கண்ட விடை துறைமுகத்தில் இருந்தது. நைல் நதியிலிருந்து எகிப்தின் வேளாண்மைக்குக் கிடைக்கும் நீரைவிட அதிகமான நீர், கோதுமையாகவும் மாவாகவும் ஆண்டுதோறும் அந்த வட்டாரத்துக்குள் கப்பலில் வந்து கொண்டிருந்தது. இந்தக் கருத்துக்காக அவருக்கு 2008ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு வழங்கப்பட்டது.

இதைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றுகிறது? மழை மிகுந்த நாடு விளைவிக்கும், வறண்ட நாடு வாங்கும். நீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் போலத் தானியமும் ஓடும் என்றுதானே? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதற்குச் சாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் உண்ட சோறே போதும்.

மலாயாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படிப்பட்ட நாடு, போருக்கு முன் தன் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. காரணம் வானத்தில் இல்லை, ரப்பரில் இருந்தது. 1920களில் இங்கே 20 இலட்சம் ஏக்கருக்கு மேல் பால்மரம் நின்றது. குன்றுச் சரிவுகளில் நெல் போடுவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் சமவெளி நெல் வயல்களிலும் ரப்பர் நடுவோர் பெருகியதால், 1917இலேயே அதைத் தடுக்க நெல் நிலச் சட்டம் ஒன்றைக் கொண்டு வர வேண்டியதாயிற்று. ரப்பர் விற்ற காசில் அரிசி வாங்குவது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். கணக்குப் போட்டவர்கள் ஒரு பக்கம், அந்த அரிசியை நம்பிப் பிழைத்தவர்கள் மறுபக்கம்.

அந்த அரிசி சயாமிலிருந்து வந்தது, பர்மாவிலிருந்தும் வந்தது. பர்மிய மன்னர்கள் ஒரு காலத்தில் அரிசியை வெளிநாட்டுக்கு விற்கவே தடை விதித்திருந்தார்கள். ஆங்கிலேயர் 1852இல் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி நதியின் கழிமுகக் காடுகளும் சதுப்பு நிலங்களும் வெட்டித் திருத்தப்பட்டன. எண்பது ஆண்டுகளுக்குள் நெல் விளையும் பரப்பு பத்து மடங்குக்கு மேல் பெருகி, 1930களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்து உலகில் முதலிடத்தில் நின்றது பர்மா. அதில் தமிழருக்கும் பங்கு உண்டு. ரங்கூன் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த கூலிகளில் தமிழர் இருந்தனர். கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அதனால் பர்மிய உழவர்களின் மனத்தில் மூண்ட கசப்பு ஒரு தனிக் கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

நம் பேச்சுக்கு வேண்டியது இதுதான்: அந்த ரங்கூன் அரிசி பருவமழையில் விளைந்தது. வயலில் விழுந்த மழை, விளைந்தாலும் விளையாவிட்டாலும் கடலுக்கோ வானத்துக்கோ போகப் போகிற நீர். அதைக் கப்பலேற்றியதால் எவர் வீட்டுக் கிணறும் வற்றவில்லை. நீரைப் பொறுத்தவரை அது நேர்மையான வியாபாரம் என்றே சொல்லலாம். காட்டையும் நிலத்தையும் இழந்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்.

ஆனால் மழையை நம்பிய வியாபாரத்துக்கு மழை தவறினால் என்ன கதி? 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அப்போது இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்த மாகாணம். 'முதலில் இந்தியாவுக்கு' என்று பர்மா அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1919, 1920 ஆண்டுகளில் மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டங்கள் அரிசிக்குத் தவித்தன. விலை பறந்தது; அரசாங்கம் நட்டத்துக்கு அரிசி வாங்கி விற்றது. சம்பளத்தில் அரிசிக் காசைப் பிடித்துக்கொண்டு தோட்ட நிர்வாகமே மாத அரிசி அளந்து கொடுத்த காலம் அது. அளக்கும் படி குறைந்தால் கேட்பதற்கு யாரும் இல்லை. மீண்டும் 1942இல் ஜப்பானியர் வந்தபோது கப்பல் போக்குவரத்து முடங்கியது. பர்மாவில் விற்க வழியில்லாமல் உழவர்கள் சாகுபடியைக் குறைத்தார்கள். இங்கே மரவள்ளிக்கிழங்கு தின்று பசியாறினோம். எங்கள் பாட்டி சாகும்வரை மரவள்ளிக்கிழங்கைக் கையால் தொடவில்லை.

1919இன் அடியிலிருந்து அரசாங்கம் பாடம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. 1932இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா அமைந்தது. சிலாங்கூரில் தஞ்சோங் காராங் சதுப்பு நிலம் நெல் வயலாயிற்று. மெர்டேக்காவுக்குப் பின் கெடாவில் மூடா, பெடு என்னும் அணைகளைக் கட்டி, 1970 முதல் ஆண்டுக்கு இரு போகம் விளைவித்தார்கள். அந்த இரண்டாம் போகத்துக்கு உதவிய குறுகிய கால நெல் வகைகளில் ஒன்றின் பெயர் மசூரி. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சோனா மசூரி என்று சாப்பிடுகிறார்களே, அதன் பெற்றோரில் ஒன்று நம் கெடா வயல்களில் பேர்பெற்ற இந்த மசூரிதான். 1970களின் நடுவில் நாட்டின் அரிசித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேயே விளைந்தது. பிறகு வந்த வேளாண் கொள்கை, 65 விழுக்காடு விளைந்தால் போதும், மற்றதை வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. மீண்டும் அதே பழைய கணக்கு. ரப்பருக்குப் பதில் செம்பனை, தொழிற்சாலை.

ஆக, நம் மாணவனின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மழை இருக்கும் நாடு வாங்குகிறது. மறுபாதிக்குப் பாலைவனத்துக்குப் போக வேண்டும். மழையே இல்லாத நாடு விற்ற கதை அது.

சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். நம் ஊரில் இரண்டு மூன்று நாள் அடைமழையில் அது பெய்துவிடும். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. நாம் எண்ணெயை நிறுத்தினால் அவர்கள் தானியத்தை நிறுத்தமாட்டார்களா என்ற அச்சம் அங்கே எழுந்தது. கையில் எண்ணெய்ப் பணம் கொட்டியது. 1970களின் கடைசியில் அரசாங்கம் கோதுமை விளைப்போருக்கு உலகச் சந்தை விலையைவிடப் பல மடங்கு விலை கொடுக்கத் தொடங்கியது. கடன், இயந்திரம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் உதவி. வேலையைத் தொடங்கியவர்களில் பலர் உழவர்கள் அல்லர், பணம் படைத்தவர்கள்.

நீருக்கு எங்கே போவது? பாலைவனத்தின் அடியில், பாறை அடுக்குகளுக்கிடையே, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் ஈரமாய் இருந்த காலத்தில் பெய்த மழை தேங்கிக் கிடந்தது. நம் கிணற்று நீர் அடுத்த மழையில் ஊறிவிடும். அந்த நீர் அப்படி ஊறாது. எண்ணெயைப் போல எடுத்தால் எடுத்ததுதான். ஆழ்துளைக் கிணறு தோண்டி, சக்கரம் வைத்த நீண்ட குழாயை அதைச் சுற்றிச் சுழல விட்டார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் மணல்வெளியில் பச்சை நாணயங்களைப் பரப்பி வைத்ததைப் போலத் தெரியும்.

விளைச்சல் பெருகியது. 1980களின் நடுவில் தேவைக்கு மேல் விளைந்தது. 1992இல் 40 இலட்சம் டன்னைத் தொட்டது. 1990களின் தொடக்கத்தில், நேயர்களே, உலகின் முன்னணிக் கோதுமை ஏற்றுமதி நாடுகளில் ஆறாவது இடம் இந்தப் பாலைவன நாட்டுக்கு! உலகத்தில் எல்லாரையும்விட அரிதான நீரை வைத்திருந்தவர்கள், அதை மலிவு விலைக் கோதுமையாக்கிக் கடல் கடத்தினார்கள். பையில் நீரின் விலை சேரவே இல்லை. நீருக்கு விலையே இல்லை என்று வைத்திருந்தால் எப்படிச் சேரும்?

கிழக்கே அல்-ஹசா என்று ஒரு பசுஞ்சோலை. பேரீச்ச மரங்களுக்குப் பேர்போனது. மனிதர் எவரும் இறைக்காமல் தானாகப் பொங்கிய நீரூற்றுகளால் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஊர். நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க, 1990களில் அந்த ஊற்றுகள் பொங்குவதை நிறுத்திவிட்டன. மோட்டார் வைத்து இறைக்கத் தொடங்கினார்கள்.

2008இல் அரசாங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை ஆண்டுதோறும் எட்டில் ஒரு பங்கு குறைத்து, 2016இல் அடியோடு நிறுத்தியது. பின்னாளில் சிறு அளவில் மீண்டும் இடம் கொடுத்தாலும், பழைய பச்சை நாணயங்கள் பெரும்பாலும் மணலாகிவிட்டன. கோதுமையை விட்டவர்களில் பலர் மாட்டுத் தீவனப் புல் போட்டார்கள். அது கோதுமையைவிட அதிக நீர் குடித்தது. அதற்கும் தடை வந்தது. இதற்கிடையில் 2014இல் அந்நாட்டுப் பெரிய பால்பண்ணை நிறுவனம் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிலம் வாங்கி, அங்கே புல் வளர்த்துத் தன் மாடுகளுக்குக் கப்பலில் அனுப்பியது. அரிசோனாவும் பாலைவனம்தான்! அங்கே அதைச் சுற்றியிருந்தவர்கள் தங்கள் கிணறுகள் இறங்குவதாக முறையிட்டார்கள். 2023இல் மாநில அரசு அந்நிறுவனத்துக்குத் தந்திருந்த குத்தகைகளில் ஒன்றை ரத்து செய்தது. நீர்ப் பஞ்சம் தீரவில்லை, முகவரி மாறியது.

இனி நம் பைக்குத் திரும்புவோம்.

1960களில் பசுமைப் புரட்சி வந்தபோது இந்தியாவில் பஞ்சாப் முன்னே நின்றது. பஞ்சாபியர் சப்பாத்தி உண்பவர்கள். நெல் அவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத பயிர். ஆனால் அரசாங்கம் உறுதியான விலையில் நெல்லைக் கொள்முதல் செய்தது. 1997 முதல் உழவர்களின் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். நெல் பரவியது, கிணறு இறங்கியது. ஆண்டுதோறும் மண்ணுக்குள் திரும்பிச் சேரும் நீர் 100 பங்கு என்றால், அங்கே எடுக்கப்படுவது 150 பங்குக்கும் மேல். பழைய மோட்டார்களுக்கு நீர் எட்டாமல், ஆழத்தில் மூழ்கி இறைக்கும் மோட்டாருக்குக் கடன் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2009இல் மாநில அரசு, ஜூன் 10க்கு முன் நாற்று நடக் கூடாது என்று சட்டமே போட்டது. கோடை வெயிலில் வயலில் நீர் நிறுத்தினால் பாதி ஆவியாகிப் போகிறதே என்பதற்காக. உழவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. விலையும் மின்சாரமும் எந்தப் பக்கம் தள்ளினவோ அந்தப் பக்கம் அவர் போனார். தண்டல் காட்டிய நிரையில் நம்மவர் மரம் வெட்டவில்லையா?

பஞ்சாபின் சாதாரண அரிசி பெரும்பாலும் நேரே கப்பலேறுவதில்லை. அரசாங்கக் கிடங்குக்குப் போய், இந்திய ஏழைகளின் பங்கீட்டுக் கடைகளுக்குப் போகிறது. அதனால் மற்ற மாநிலங்களின் அரிசி ஏற்றுமதிக்குக் கிடைக்கிறது. நேரே வெளிநாடு போவது பாசுமதி. தீபாவளிக்கு நாம் பிரியாணி போடும் அரிசி பஞ்சாபிலும் அரியானாவிலும், எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் பஞ்சாபிலும் விளைவது. அங்கும் கிணறு ஆழம்தான். இப்படி உலகெங்கும் பாசனத்துக்காக எடுக்கப்பட்டுத் திரும்ப ஊறாத நிலத்தடி நீரில் ஏறத்தாழ 11 விழுக்காடு, நாடு விட்டு நாடு போகும் உணவுக்குச் செலவாகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பாகிஸ்தான், அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் ஏற்றுமதியில் போகிறது.

2012 வாக்கில் இந்தியா தாய்லாந்தை முந்தி அரிசி ஏற்றுமதியில் முதலிடம் பிடித்தது. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதனுடையது. அப்படிப்பட்ட கடைக்காரர் கதவைச் சாத்தினால்? 2023இல் எல் நினோ வந்தது. பருவமழை சீராக இருக்காது என்ற கவலை. உள்நாட்டில் விலை ஏறிற்று. ஜூலை 20ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு வரி. முதலில் தன் மக்கள் என்று எந்த அரசாங்கமும் நினைக்கத்தான் செய்யும். 1919இல் நினைத்ததும் அதையே. வாங்கும் நாடுகளெல்லாம் தாய்லாந்து, வியட்நாம் பக்கம் ஓட, அங்கும் விலை ஏறியது. ஆறு வாரத்தில் நம் தோட்டத்துக் கடையில் பை காணாமற் போனது.

இதைச் சொல்லி முடித்தபோது அந்தச் சிறுவன் இன்னொன்று கேட்டான்: "அப்ப நாமளே போட்டுக்கலாமே சார்?" கெடாவிலே அணை நீரை வயலும் கேட்கிறது, தொழிற்சாலையும் கேட்கிறது, பினாங்கு வீட்டுக் குழாயும் அதே மூடா நதியைக் கேட்கிறது என்று சொன்னோம். அவன் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முழுதாக ஒத்துக்கொள்ள எங்களுக்கும் மனமில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஓடைக்கு அப்பால் செம்பனை வரிசை வரிசையாக நின்றது.

2024 செப்டம்பர் 28ஆம் தேதி இந்தியா அந்தத் தடையை நீக்கியது. அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தது. பஞ்சாபில் அறுவடை தொடங்கும் நேரம். அரசாங்கக் கிடங்குகளில் புது நெல்லுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன.